பொன்னியின் செல்வனும் வாசகர் தீர்ப்பும்



நீண்ட கதை ஒன்றைப் படித்து முடித்தவர் எவரும் அதைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லாமல் இருப்பதில்லை. நன்றென்பார் சிலர், நீளம் மிகுதி என்பார் சிலர், முடிவு சரியில்லை என்று குறைபடுவார் வேறு சிலர். கதை ஓர் அரச குடும்பத்து உடன்பிறந்தாரைப் பற்றியதாகவும், அந்த உடன்பிறந்தார் நம் மண்ணில் உண்மையாகவே வாழ்ந்தவராகவும் இருந்துவிட்டால், வாசகரின் கருத்து அத்துடன் நிற்பதில்லை. அது தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. தமிழில் அத்தகைய தீர்ப்புகளை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெற்று வரும் நூல் கல்கி அவர்களின் ‘பொன்னியின் செல்வன்’. அந்நூலைப் பற்றி வாசகராகிய நாம் சொல்லும் கருத்துக்களையும், அவற்றைச் சொல்லும்போது நமக்கு இருக்க வேண்டிய பொறுப்பையும் இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

‘கல்கி’ வார இதழில் 1950ஆம் ஆண்டு அக்டோபர் 29இல் தொடங்கிய இத்தொடர்கதை 1954ஆம் ஆண்டு மே 16இல் நிறைவெய்தியது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்கள். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் தமிழ்க் குடும்பங்கள் இதற்காகக் காத்திருந்தன. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பதும், மணியம் வரைந்த ஓவியங்களோடு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்து வைப்பதும் அக்கால வழக்கம். கதை முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5இல் கல்கி மறைந்தார். ஆனால் கதையைப் பற்றிய பேச்சு மறையவில்லை. அதே இதழ் பின்னரும் பன்முறை இதனைத் தொடராக வெளியிட்டது. 1999இல் இது நாடக மேடை ஏறியது. 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தது. தாத்தா படித்த கதையைப் பேரன் திரையில் கண்டு, ‘கதை இப்படியா, அப்படியா?’ என்று தாத்தாவோடு வழக்காடும் காட்சியை நாம் பல வீடுகளில் பார்த்தோம்.

கதையின் நடுவில் நிற்பவர் மூவர். சுந்தர சோழரின் மக்களாகிய ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன் ஆகியோர் அவர். மூத்தவன் காஞ்சியில் இருக்கிறான். நடுப்பிறந்தவள் பழையாறையில் இருக்கிறாள். இளையவன் ஈழப் போர்க்களத்தில் இருக்கிறான். ஓலைகளும், அவற்றைச் சுமந்து செல்லும் வந்தியத்தேவன் என்னும் வாலிபனுமே அவர்களை இணைக்கின்றன. தந்தை நோயுற்றுக் கிடக்கிறார். அரியணைக்கு மற்றொரு கிளையில் உரிமை பேசுவோர் இருக்கின்றனர். பாண்டியனின் ஆபத்துதவிகள் பழிவாங்கக் காத்திருக்கின்றனர். இவ்வளவு இடருக்கும் நடுவே அம்மூவருக்கிடையே மட்டும் அரியணைப் போட்டி எழுவதேயில்லை. இதுவே இக்கதையின் முதுகெலும்பு என்பது நம் கருத்து.

வரதய்யபாளையத்திலிருந்து இதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இங்கே பொன்னி பாயவில்லை. தஞ்சையும் பழையாறையும் நமக்குத் தொலைவு. தடாவிலிருந்து காளத்திக்குச் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில், 2022இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு முன்பு சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைகள் திருத்தப்பட்டபோது, சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்தோடும் திருத்தணி வட்டாரம் அன்றைய சென்னை மாநிலத்தோடும் சேர்ந்தன. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் பகுதி இது. ஆயினும் சோழர் கதையின் வேர்கள் இப்பகுதியில்தான் ஆழமாக ஓடியிருக்கின்றன.

காளத்திக்கு அருகே தொண்டைமானாடு என்னும் ஊர் இருக்கிறது. அருள்மொழிக்கு நான்கு தலைமுறை முற்பட்டவனான முதலாம் ஆதித்த சோழன் 907ஆம் ஆண்டளவில் அங்கே உயிர் நீத்தான். ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சினவன்’ என்றே கல்வெட்டுக்கள் அவனைக் குறிக்கும். அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இன்றும் உள்ளது. அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில், 949இல், பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானைமேல் அமர்ந்தபடியே போரில் வீழ்ந்தான். அவன் வீழ்ந்ததால் அரசுரிமை இளையவரான கண்டராதித்தருக்கும், அவருக்குப் பின் அவர் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அரிஞ்சயர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. கண்டராதித்தரின் மகன் அப்போது சிறு குழந்தை. அக்குழந்தையே பிற்கால உத்தம சோழன். ஆகவே, ‘பொன்னியின் செல்வ’னில் நாம் காணும் அரியணைச் சிக்கல் தஞ்சை அரண்மனையில் பிறந்ததன்று, தக்கோலத்துப் போர்க்களத்தில் பிறந்தது. பொன்னையாற்றங்கரையில் உள்ள மேல்பாடியில், தம் பாட்டனார் அரிஞ்சயருக்கு இராசராசன் எடுத்த கோயிலும் இருக்கிறது. எனவே இக்கதையின் முன்னுரை முழுவதும் நம் வட்டாரத்துக் கற்களில் எழுதப்பட்டது எனலாம்.

இனி வாசகரின் கருத்துக்களுக்கு வருவோம். அவற்றுள் நான்கை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இந்த உடன்பிறந்தாரின் பாசம் மிகைப்படுத்தப்பட்டது என்பது. அரச குடும்பங்களின் வரலாறு நமக்குத் தெரியும். தம்பியைச் சிறையிட்ட அண்ணனும், அண்ணனைக் கொன்ற தம்பியும் எல்லா நாடுகளிலும் உண்டு. டில்லி அரியணைக்காக ஷாஜகானின் மைந்தர் நால்வர் தம்முள் போரிட்டதை அறியாதார் இல்லை. அவ்வாறிருக்க, சோழ அரண்மனையில் மட்டும் தமக்கையின் சொல்லைத் தம்பி தட்டாமல் இருந்தான் என்று கல்கி எழுதினால், அது குடும்பப் பத்திரிகைக்காகப் பூசிய இனிப்பு என்று சிலர் கருதுகின்றனர்.

இதற்கு விடை கல்லில் இருக்கிறது. 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், கொடைகளைப் பொறிக்குமாறு இராசராசன் இட்ட ஆணை காணப்படுகிறது. தான் கொடுத்தவற்றை முதலிலும், அவற்றை அடுத்துத் தன் அக்கன் கொடுத்தவற்றையும், அதற்குப் பின்னரே தன் தேவியர் கொடுத்தவற்றையும் அவன் வரிசைப்படுத்துகிறான். ‘அக்கன்’ என்பதே அவன் ஆண்ட சொல். மாமன்னனின் ஆணையில், பட்டத்தரசியருக்கு முன்னே அக்காள் இடம் பெறுகிறாள். குந்தவையோ, அக்கோயிலில் தன் தந்தையின் திருவுருவையும் தாயின் திருவுருவையும் செய்து வைத்தாள். இராசராசன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். இவ்வளவு சான்றும் இருக்க, அப்பாசத்தைக் கல்கியின் கற்பனை என்று எப்படிச் சொல்வது? அவர் புனைந்தவை சந்திப்புகளும் உரையாடல்களுமே. பாசத்தை அவர் கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இந்த இளைய குந்தவையைப் பற்றி நம் தெலுங்கு அன்பர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திரைப்படம் தெலுங்கிலும் வெளிவந்தபோது, பெயர்கள் பல, எல்லாம் அயலார் கதை என்று அவர்களில் சிலர் கருதினர். இராசராசனின் மகளான அக்குந்தவை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகனே இராசமகேந்திரவரத்திலிருந்து ஆண்ட இராசராச நரேந்திரன். தெலுங்கின் ஆதிகவி என்று போற்றப்படும் நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது அம்மன்னனின் அவையில்தான். நாவலில் நாம் காணும் அருள்மொழியின் பெயரனே தெலுங்கின் முதற் பெருங்காவியத்தைப் பாடுவித்தவன். இரு மொழி பேசும் நம் ஊருக்கு இதைவிட நெருங்கிய உறவு வேண்டியதில்லை.

இரண்டாவது கருத்து, ஆள்மாறாட்டத்தைப் பற்றியது. நாவலின் இறுதியில் மதுராந்தகன் என்று எல்லோரும் நம்பியிருந்தவன் வேறொருவன் என்றும், பூத்தொடுத்து இறைப்பணி செய்துவந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்றும் வெளிப்படுகிறது. அருள்மொழி தன் முடியை அவனுக்கே சூட்டுகிறான். ‘இது ஏமாற்று வித்தை’ என்று கடிந்துகொள்ளும் வாசகர் உண்டு. திரைப்படம் இப்பகுதியை அடியோடு விட்டுவிட்டது. படம் பார்த்தபின் நூலைப் படித்தவர்களுக்கு இம்மாற்றம் பெரு வியப்பைத் தந்தது.

இதிலும் சற்று நின்று எண்ண வேண்டும். வரலாறு கல்கிக்கு ஓர் இக்கட்டை வைத்தது. மூத்தவன் கொலையுண்டான்; இளையவன் முடியை மறுத்துச் சிற்றப்பன் முறையினனான உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தான் என்பது செப்பேட்டுச் செய்தி. பேராசை கொண்ட ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் அது தியாகமா, இளைமையின் பேதைமையா என்ற ஐயம் வாசகருக்கு எழும். அருமை அறிந்த ஒருவனிடம் முடியை ஒப்படைத்தால்தான் தியாகம் சிகரம் ஏறும். அதற்காகவே கல்கி இரண்டு மதுராந்தகர்களைப் படைத்தார் என்று நாம் கருதுகிறோம். அது முழுதும் கற்பனை. ஆயினும், உத்தம சோழன் என்ற உண்மை மன்னனின் பெயர் கெடாதவாறு செய்த கற்பனை அது. இந்த நுட்பத்தைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

மூன்றாவது கருத்து, முடிவைப் பற்றியது. ‘கதையைச் சட்டென்று முடித்துவிட்டீர்களே; இன்னாருக்கு என்ன ஆயிற்று, அன்னார் எங்கே போனார்?’ என்று தொடர் முடிந்தபோதே வாசகர் பலர் கேட்டனர். கல்கி முடிவுரை ஒன்று எழுதி அவ்வினாக்களை எடுத்துக்கொண்டு விடையிறுத்தார். பாத்திரங்கள் சிலரின் பிற்கால வாழ்வையும் அதில் தெரிவித்தார். வாசகர் கருத்துக்கு ஆசிரியர் அளித்த மதிப்பு அது. அதற்குப் பின்னும் வேட்கை தணியவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். அகிலன் ‘வேங்கையின் மைந்தன்’ நூலில் இராசேந்திரனின் காலத்தை எழுதினார். பாலகுமாரன் ‘உடையார்’ நூலில் இராசராசனையும் பெரிய கோயிலையும் எடுத்துக்கொண்டார். ஒரு நூல் முடிந்த இடத்தில் மூன்று எழுத்தாளர்கள் தத்தம் வழியில் புறப்பட்டார்கள் என்றால், அம்முடிவைக் குறை என்பதா, வாயில் என்பதா? அதனை வாசகரே முடிவு செய்யட்டும்.

நான்காவது கருத்தே நம்மை இன்று இந்தப் பேச்சுக்குத் தூண்டியது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? வாசகர் இருவர் கூடினால் இவ்வினா எழாமல் போவதில்லை. நாவலில் அக்கொலை கடம்பூர் மாளிகையின் இருண்ட அறையில் நிகழ்கிறது. அங்கே நந்தினி இருந்தாள், வந்தியத்தேவன் ஒளிந்திருந்தான், பெரிய பழுவேட்டரையர் வந்தார், சதிகாரர்களும் அருகில் இருந்தனர். பின்னர் வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது. மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பழுவேட்டரையர் தம் கைக் கத்தியைக் காட்டுகிறார். ஆனால் கொன்ற கை இன்னாருடையது என்று ஆசிரியர் ஐயமறச் சொல்லவில்லை. ‘ஐந்து பாகம் படித்தும் விடை கிடைக்கவில்லையே’ என்பது வாசகரின் மனத்தாங்கல்.

வரலாறு என்ன சொல்கிறது? இரண்டு சான்றுகள் முக்கியமானவை. ஒன்று, 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள். இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இவை முப்பத்தொரு ஏடுகள் கொண்டவை. திருவாலங்காடு இன்று தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1960 வரை நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அச்செப்பேடுகளின் வடமொழிப் பகுதி, ஆதித்தன் விண்ணுலகு சென்றதையும், நாட்டு மக்கள் வேண்டியும் அருள்மொழி அரசை ஏற்காமல் சிற்றப்பன் விரும்பும் வரை ஆளட்டும் என்று விட்டதையும் கூறுகிறது. கொன்றவர் பெயர் அதில் இல்லை.

மற்றொன்று, காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு. அது இராசகேசரி ஒருவனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவனை இராசராசன் என்றே பெரும்பாலோர் கொள்வர். அவ்வாறாயின் அதன் காலம் 987ஐ ஒட்டியது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்று துரோகிகளானவர் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய, அவர்களைச் சார்ந்தாருடைய உடைமைகள் பறிமுதலானதையும் சொல்கிறது. இவர்கள் எதற்காகக் கொன்றார்கள், இவர்களை ஏவியவர் எவரேனும் உண்டா என்பவற்றைக் கல் சொல்லவில்லை.

ஆதித்தன் இறந்தது 970ஐ ஒட்டிய காலம். இராசராசன் அரியணை ஏறியது 985இல். இடையே ஆண்டவன் உத்தம சோழன். கொலைக்கும் கல்வெட்டுக்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டு இடைவெளி. இந்த இடைவெளிதான் ஐயத்துக்கு இடமளித்தது. சோழர் வரலாற்றை 1930களில் எழுதிய நீலகண்ட சாஸ்திரியார், இக்கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்று ஐயுற்றார். 1949இல் தம் நூலை வெளியிட்ட சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தமன் உடந்தையாக இருந்திருப்பின், பின்வந்த இராசராசன் அக்குடும்பத்தை எவ்வாறு நடத்தியிருப்பான் என்று நாமும் எண்ணிப் பார்க்கலாம். உத்தமனின் தாயார் செம்பியன் மாதேவியார் இராசராசன் ஆட்சியிலும் பெருமதிப்புடன் கோயில் திருப்பணிகள் செய்துவந்தார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனிடம் உயர்பதவி வகித்துக் கோயில் கணக்குகளை ஆராய்ந்தான். இராசராசன் தன் மகனுக்கு, பின்னர் இராசேந்திரன் என்று புகழ்பெற்றவனுக்கு, இட்ட பெயர் மதுராந்தகன் என்பதே. அண்ணனைக் கொல்வித்தவன் என்று ஐயுற்ற ஒருவனின் பெயரை எந்தத் தந்தையும் தன் பிள்ளைக்கு இடுவானா? இது முடிந்த முடிபு ஆகாது. ஆனால் ஐயத்தின் எடையைக் குறைக்கும் சான்று என்பதில் தவறில்லை.

இவ்வளவு நிதானத்தோடு அறிஞர்கள் எடைபோட்ட ஒரு வினாவை இன்று நாம் எவ்வளவு எளிதாகத் தீர்த்துவிடுகிறோம்! திரைப்படம் வந்த பிறகு எங்கும் இதே பேச்சு. ‘உத்தமன்தான் கொன்றான்’ என்பார் ஒருவர். ‘குந்தவையும் அருள்மொழியும் சேர்ந்து செய்த சூழ்ச்சி’ என்பார் மற்றொருவர். கல்வெட்டில் காணும் பிரமாதிராசன் என்ற பட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்று வாழும் ஒரு வகுப்பார் மேலேயே பழி சுமத்துவார் வேறொருவர். நந்தினி என்பவள் கல்கியின் கற்பனை. அவளையும் வரலாற்றில் வாழ்ந்தவளாக எண்ணிக்கொண்டு அவள்மீது சினம் கொள்வாரும் உண்டு. நந்தினியைப் பற்றி என்ன சொன்னாலும் எவருக்கும் தீங்கில்லை. அவள் வாழ்ந்தவள் அல்லள். உத்தமனும் குந்தவையும் வாழ்ந்தவர்கள். அவர்கள் எழுந்து வந்து மறுமொழி கூற இயலாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருசிலர் செய்த கொலைக்கு இன்றைய மனிதரை அவர்தம் பிறப்பைக் காட்டி இகழ்வதோ, கருத்து என்ற பெயரில் செய்யும் அநீதி.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில், 1483இல், ஐந்தாம் எட்வர்டு என்ற சிறுவனும் அவன் தம்பியும் லண்டன் கோட்டையில் வைக்கப்பட்டுப் பின்னர் எவர் கண்ணிலும் படாமற் போயினர். அவர்கள் சிற்றப்பன் மூன்றாம் ரிச்சர்டு அரசன் ஆனான். இரண்டே ஆண்டில் போரில் மடிந்தான். ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் அவனைக் கொலைகாரனாகவே நிறுத்திவிட்டார். நானூறு ஆண்டுக்கு மேலாக நாடகத்தைப் பார்த்தோர் அதையே வரலாறு என்று நம்பினர். அவனுக்காக வழக்காடுவோர் 1924இல் ஒரு சங்கமே நிறுவினர். 1951இல், அதாவது நம் வீடுகளில் ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஜோசபின் டே என்ற நாவலாசிரியை, மருத்துவமனையில் படுத்திருக்கும் துப்பறிவாளன் ஒருவன் அந்தப் பழைய வழக்கை மீண்டும் விசாரிப்பதாக ஒரு நாவல் எழுதினார். 2012இல் லெஸ்டர் நகரில் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. 2015இல் அரச மரியாதையோடு அவை அடக்கம் செய்யப்பட்டன. அச்சிறுவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், நாடகம் அளித்த தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்ற நிலை மாறியது. சிற்றப்பனும் அண்ணன் மக்களும், அரியணையும், தீராத கொலையும் என்று இரு கதைகளும் ஒத்திருப்பது வியப்பே.

இங்கே ஷேக்ஸ்பியருக்கும் கல்கிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். கலைத்திறத்தில் எவர் பெரியவர் என்ற ஒப்பீடு இது அன்று. ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு ஒரு கொடியவன் வேண்டும் என்பதால் தீர்ப்பை எழுதிவிட்டார். கல்கியின் கையிலும் எழுதுகோல் இருந்தது. உத்தமனைக் கொலைகாரனாக்கியிருந்தால் கதை எளிதில் முடிந்திருக்கும். வாசகரின் வினாவுக்கும் விடை கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கல் சொல்லாததை அவர் தீர்ப்பாகச் சொல்லாமல் விட்டார். பேராசையும் சதியும் வேண்டியிருந்த இடத்தில், அவற்றைத் தாம் கற்பித்த ஒரு பொய் மதுராந்தகன் மேல் ஏற்றி, உண்மை உத்தமனைப் பூக்குடலை ஏந்திய பக்தனாக நிறுத்தினார். வாசகர் எந்த முடிவைக் குறையென்று நினைத்தாரோ, எந்த ஆள்மாறாட்டத்தை வித்தையென்று கடிந்தாரோ, அவ்விரண்டிலும் இறந்தார்க்கு இழைக்கத் தக்க நீதி அடங்கியிருக்கிறது என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

ஆகவே வாசகர் கருத்துச் சொல்லலாகாது என்பது நம் எண்ணமா? ஒருபோதும் அன்று. கருத்துச் சொல்லும் வாசகர் இல்லாவிட்டால் இந்நூல் என்றோ அலமாரியில் உறங்கியிருக்கும். வாசகரின் மனக்குறையே பலரை நூலிலிருந்து கல்லுக்கு அழைத்துச் சென்றது. உடையார்குடிக் கல்வெட்டு என்ற பெயரை ஒரு காலத்தில் வரலாற்று ஆசிரியர் சிலரே அறிந்திருந்தனர். இன்று அதைக் காண இளைஞர்கள் காட்டுமன்னார்கோயிலுக்குப் போகிறார்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டைச் சென்னை அருங்காட்சியகத்தில் தேடிப் பார்க்கிறார்கள். ஒரு தொடர்கதை செய்யக்கூடிய தொண்டுகளில் இதைவிடப் பெரிது வேறு எது?

நாம் வேண்டுவது ஒன்றே. கருத்துச் சொல்லும்போது, எது நூல், எது திரை, எது கல் என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் நமக்கு வர வேண்டும். ‘கல்கி இவ்வாறு எழுதினார்’ என்பது ஒரு செய்தி. ‘படத்தில் இவ்வாறு காட்டினார்கள்’ என்பது வேறொரு செய்தி. ‘கல்வெட்டு இவ்வளவே சொல்கிறது’ என்பது மூன்றாவது செய்தி. ‘இம்மூன்றையும் கண்டபின் எனக்கு இவ்வாறு தோன்றுகிறது’ என்பது நம் கருத்து. இந்த நான்கையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமானால், அவர்கள் கதையையும் சுவைப்பார்கள், வரலாற்றையும் மதிப்பார்கள்.

நம் எல்லைப் பகுதியில் இதற்கு மற்றொரு தேவையும் இருக்கிறது. தமிழ் பேசும் இல்லங்களிலேயே பிள்ளைகள் பலர் தெலுங்கு எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் பயில்கிறார்கள். ஐந்து பாகத் தமிழ் நூலைத் தாமே எடுத்துப் படிக்க அவர்களுக்கு இயலாமற் போகலாம். அவர்களுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ திரையில் பார்த்த சில மணி நேரமாகவே நின்றுவிடும். முன்னாளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட அந்த வழக்கத்தை நம் வீடுகளில் மீண்டும் தொடங்கினால் என்ன? இரவு உணவுக்குப் பின் ஓர் அத்தியாயம் போதும். பாட்டி படிக்கட்டும், பேத்தி கேட்கட்டும், அண்டை வீட்டுத் தெலுங்குச் சிறுவனும் வந்து அமரட்டும். நடுநடுவே கேள்விகள் எழும். சண்டையும் எழும். எழுவதே நல்லது.

அடுத்த விடுமுறையில் காளத்திக்குச் செல்வோர், சாமி தரிசனத்துக்குப் பின் தொண்டைமானாட்டுக்கும் ஒரு நடை சென்று வரலாம். தந்தைக்காக ஒரு மகன் எழுப்பிய அந்தக் கோயிலின் சுவரில் கை வைத்துப் பாருங்கள். அக்குடியில் வந்த அண்ணன், தங்கை, தம்பி மூவரைப் பற்றித்தான் நாம் இத்தனை காலம் வழக்காடி வருகிறோம். அவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்க நமக்கு உரிமை உண்டு. சான்றில்லாத பழியைச் சொல்ல மட்டும் உரிமை இல்லை.